ஏழாவது கமலவேணியின் உதடு

ஒரு பனியன் பேசியதால் சூடாமணிக்கு வேலை போயிற்று.

பனியன் தானாகப் பேசவில்லை, பேச வைத்தார்கள். போலந்துக்குப் போக வேண்டிய பனியன் அது, நெஞ்சில் ஒரு கரடி. கரடியின் காதுக்கு மேல் பழுப்பு மை ஓடிய மூன்று செகண்டில், மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றவளிடம் சூடாமணி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். மேனேஜர் அந்தப் பனியனை மைச்செவி என்கிற டப்பாவுக்குள் விரித்து வைத்தார். டப்பா அவள் குரலிலேயே, அவள் சிரிப்போடே சொன்னது: "மேனேஜருக்கு எருமை மூஞ்சிடி!"

டப்பாவைச் சுற்றி நின்ற ஆறு ஆபீசர்களில் நான்கு பேர் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

அன்றிலிருந்து திருப்பூரின் அச்சு மேசைகளில் பேச்சு நின்றது. மேசை அச்சு வேலை தெரிந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய சாவு என்று புரியும். ஆளுயரச் சட்டத்தில் வலை கட்டியிருக்கும். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. வலை மேல் ஊற்றிய மையை வழிக்க இவள் ரப்பர் கட்டையைப் பாதி தூரம் தள்ளுவாள், அவள் வாங்கி மீதியை இழுப்பாள். சும்மா நின்று பேசினால் சூப்பர்வைசர் கத்துவான். கட்டை ஓடும்போது மட்டும் அவன் கண் கட்டை மேலேயே இருக்கும், வாயைப் பார்க்காது. ஆகவே நாற்பது வருடமாகத் திருப்பூர்ப் பெண்கள் கட்டை ஓடும் மூன்று செகண்டில்தான் பேசினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் கொடுமை, எவனோடு எவள் ஓடினாள் எல்லாமே மூன்று மூன்று செகண்டாக நறுக்கி. அந்த மூன்று செகண்டும் மையில் உறைந்து ஊர் ஊராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

சூடாமணியை மறுபடி வேலைக்குச் சேர்க்கச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருந்தாள் துளசிமணி. மேசை அச்சுப் பெண்கள் சங்கத்தின் தலைவி. வயது ஐம்பத்தாறு. கட்டை இழுத்து இழுத்து வலது தோள் ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. மை கழுவும் தின்னர் அவள் மூக்கைத் தின்றுவிட்டது. குழம்பு கருகினால் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். ஆனால் 'துளசியக்கா எவளையும் மாட்டிவிட மாட்டாங்க' என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரைக் கேட்கும்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது சங்க ஆபீஸ் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் மேனேஜரிடம் இருந்த மாதிரியே ஒரு டப்பா.

"வணக்கம் மேடம். நான் நிலானி. சென்னையிலேருந்து வரேன். இந்த மைச்செவியை..."

"நீதான் செஞ்சியா கண்ணு?"

"ஆமா மேடம்."

"புள்ளைகளா, கதவைச் சாத்துங்க."

சூடாமணியோடு சேர்த்து ஆபீஸில் இருந்த எட்டுப் பெண்கள் எழுந்தார்கள். நிலானியின் முகம் வெளுத்தது.

"பயந்துக்காத. ஃபேன் காத்து வெளிய போகுது, அதுக்குத்தான். உக்காரு. மேடம்னு கூப்பிடாத, போலீஸ் வந்தாப்ல இருக்குது. அக்கான்னு சொல்லு. சொல்லிட்டு, எதுக்கு எங்க வாயில மண்ணள்ளிப் போட்டேன்னும் சொல்லு."

"சத்தியமா இதுக்காகச் செய்யலக்கா. பழைய ஓவியங்களுக்காகச் செஞ்சேன். நீங்க பேசினா காத்து நடுங்கும், இல்லையா? காத்து நடுங்கினா கட்டையும் வலையும் நடுங்கும். அந்த நடுக்கம் மையில வரி வரியா நிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, இது பாத்துடும். பாத்துப் பேசிடும். கம்பெனிக்காரங்க வாங்கறப்ப மையோட தரம் பாக்கறதுக்குன்னாங்க."

"அவிய சொன்னதையும் நம்பிட்டே."

"நம்பிட்டேன்," என்றாள் நிலானி, தரையைப் பார்த்து.

பொய் சொல்லத் தெரியாத பெண் என்று துளசிமணிக்குப் பட்டது. "செரி, வந்த சோலி என்ன?"

நிலானி பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் விரித்தாள். துளசிமணியின் கை மனுவின் மேல் அப்படியே நின்றது.

பன்னிரண்டு கமலவேணிகள்.

தமிழ்நாட்டில் அந்தப் படங்களைப் பார்க்காதவர் கிடையாது. கமலவேணி நாற்பது படங்களில் நடித்து நாற்பதிலும் அழுதவள். அவளுடைய ஒரே ஒரு சினிமாப் புகைப்படத்தை எடுத்து, மஞ்சள் முகம், பஞ்சுமிட்டாய்ப் பின்னணி, கிளிப்பச்சை இமை, சிவப்பு உதடு, கறுப்புக் கோடு என்று பன்னிரண்டு தடவை ஆளுயரத்துக்கு அச்சடித்தார் ஓவியர் நிமலன். அவ்வளவு பெரிய மேசை சென்னையில் கிடைக்காமல் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வந்து அடித்தார். முதல் கண்காட்சியில், "சினிமா போஸ்டருக்கு எதற்கு ஏசி ரூம்?" என்று பத்திரிகைகள் கேட்டன. பிறகு ஏழாவது படத்தை ஒருவர் உற்றுப் பார்த்தார். பதினொன்றில் கமலவேணி கண்கலங்கி நிற்கிறாள். ஏழாவதில் மட்டும் உதட்டுச் சிவப்பு நழுவி, ஓரம் கன்னத்தில் ஏறி, அழுகிறவள் சிரிக்கிறாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. 'நழுவிய உதடு' குடையிலும் தலையணை உறையிலும் தபால்தலையிலும் வந்தது. கல்லூரிகளில் பாடம் வைத்தார்கள். "அந்த உதட்டை நழுவ விடும் தைரியம் வர எனக்கு ஆறு மாதம் தவம் தேவைப்பட்டது," என்று நிமலன் பேட்டி கொடுத்தார்.

"அடுத்த மாசம் கலைக்கூடத்துல கேட்பு விழாக்கா. பன்னெண்டு படத்தையும் பேச வைக்கப் போறோம். ஆனா வர்ற வார்த்தை ஒண்ணும் புரியல. இது ஒரு நவீன கவிதைன்னு பெரியவங்க கட்டுரையே எழுதிட்டாங்க. முதல் படம் கேளுங்க."

டப்பா பேசியது. இரண்டு பெண் குரல்கள், மூச்சிரைப்பும் சிரிப்பும் கலந்து:

"ஏய் துளசி, இந்தாளு தாடிக்குள்ள..."

"பிங்க் தீந்துபோச்சு..."

"நெத்திலி ரெண்டு கிலோ..."

"குறுக்கு ஒடியுதுடி..."

"அப்பாடா, கறுப்பு!"

"தாடின்னா மரபு, நெத்திலி நுகர்வு வெறி, குறுக்குன்னா நாட்டோட முதுகெலும்பு, கறுப்பு விடுதலைன்னு எழுதியிருக்காங்க," என்றாள் நிலானி.

துளசிமணி சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமே வராத சிரிப்பு முதலில். பிறகு மேசையில் கையை அடித்து, மூக்குக் கண்ணாடி கீழே விழ, கண்ணில் தண்ணீர் கொட்ட. நடுவிலேயே அது அழுகையாக மாறியதை நிலானி கவனிக்கவில்லை, சூடாமணி கவனித்தாள். அமலியின் குரல். கேட்டு இருபத்தெட்டு வருடம் ஆன குரல். ஒரு போட்டோகூட இல்லாத அமலியின் குரல்.

"கண்ணு, நீ படம் படமா அடுக்கியிருக்கே. எந்த மடையன் அப்படி அச்சடிப்பான்? பன்னெண்டு தாளுக்கும் மொதல்ல மஞ்ச. காஞ்சதும் பன்னெண்டுக்கும் பிங்க். அப்புறம் பச்ச, செவப்பு, கடேசியா கறுப்பு. கலர் கலரா அடுக்கு, பேச்சு தானா வரும்."

நிலானி வாயைப் பிளந்து அவளைப் பார்த்தாள். "அக்கா... அந்தத் துளசி நீங்களா?"

"நாந்தேன். இன்னொருத்தி அமலி. அமலோற்பவம். திண்டுக்கல்லுக்காரி. ஒம்பது வருசம் எனக்கு எதிர்ப்பக்கம் நின்னா."

"அவங்க இப்ப எங்க?"

"தெரியாது." அது உண்மை. தேடினால் கிடைத்துவிடுவாளோ என்றுதான் அவள் தேடவே இல்லை.

பேரம் அங்கேயே முடிந்தது. துளசிமணி விழாவுக்கு வந்து அறுபது துண்டையும் வரிசைப்படுத்தித் தருவாள். பதிலுக்கு இந்த டப்பாவை ஏமாற்றும் வழியை நிலானி சொல்ல வேண்டும்.

"ரொம்ப சுலபம்க்கா. ரெண்டு குரல் வரைக்கும்தான் பிரிக்கும். எல்லா மேசையிலயும் ஒரே நேரத்துல பேசினா இதுக்கு எல்லாம் கூழ்."

"இதைத்தானே புள்ள நாங்க பொறந்ததுல இருந்து செய்யறோம்!" என்றாள் சூடாமணி.

மறுநாள் காலை எட்டரைக்குத் திருப்பூரில் நடந்ததை யாரும் மறக்க மாட்டார்கள். நூற்றுப்பத்துக் கம்பெனிகளில், கட்டை ஓடத் தொடங்கிய அதே நொடியில், அத்தனை பெண்களும் வாயைத் திறந்தார்கள். ஒருத்தி தாலாட்டு, ஒருத்தி பஸ் ரூட், ஒருத்தி மாமியாரின் ஏழு தலைமுறை. சூப்பர்வைசர்கள் காதைப் பொத்தினார்கள். சூடாமணியின் மேனேஜர் அன்றைய பனியன் ஒன்றை டப்பாவுக்குள் வைத்தார். உழவர் சந்தையைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி ஒரு இரைச்சல் வந்து, டப்பா சூடாகி, நின்றுபோனது. டப்பா கெட்டு எருமை மூஞ்சிக்குச் சாட்சி இல்லாமல் போனதால் வெள்ளிக்கிழமை சூடாமணி வேலைக்குத் திரும்பினாள். முதல் கட்டையிலேயே அந்த வார்த்தையை மறுபடி சொன்னாள்.

எல்லோரும் கூத்தாடியபோது துளசிமணி மட்டும் சிவப்பின் ஏழாவது துண்டை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுக்கு இப்படித்தான் ஞாபகம். அமலி ஏதோ சொன்னாள், பக்கத்து மேசையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. தானும் சிரித்துக் குலுங்கியதில் இடுப்பு சட்டத்தில் முட்டியது. சட்டம் நகர்ந்து உதடு நழுவியது. சாயங்காலம் நிமலன் அதைப் பார்த்துக் குதித்தார். அப்போது அது கலை இல்லை, கெட்டுப்போன தாள். "யார் முட்டினது?" என்றான் சூப்பர்வைசர். துளசிமணி குனிந்து கட்டையைத் துடைக்க ஆரம்பித்தாள். அமலி ஒரு அடி முன்னால் வந்து, "நாந்தேன் தள்ளுனேன்," என்றாள். அன்றைக்கே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினாள். துளசிமணி கேட் வரைக்கும்கூடப் போகவில்லை.

"ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்துடலாமா கண்ணு?" என்று நிலானியிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். "செவப்புல ஏழு."

"ஐயோ அக்கா, அதைக் கேக்கத்தான் ஊரே வருது! சிரிப்புச் சத்தம் அதிகம், அதனால பெரிய மிஷின்ல போட்டிருக்கேன். மூணு செகண்டைப் பிரிக்கப் பதினஞ்சு நாள் ஆகும். விழாவுக்கு அன்னைக்குத்தான் முடியும்."

அப்படியென்றால் சென்னையில் வைத்து, சங்கத்துப் பெண்களின் கண் முன்னாலேயே, மை சொல்லிவிடும். துளசியக்கா எவளை மாட்டிவிட்டாள் என்று.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அமலியின் குரல் இன்னும் ஐம்பத்து ஐந்து துண்டு பாக்கி இருந்தது. போனாள்.

கலைக்கூடம் நிரம்பி வழிந்தது. பன்னிரண்டு கமலவேணிகளும் சுவரில். முன்வரிசையில் பட்டுத் துண்டும் வெள்ளைத் தாடியுமாக நிமலன். பின்வரிசையில் நாற்பது சங்கப் பெண்கள், புளிசாதப் பொட்டலத்தோடு. மேடையில் நிலானியும் துளசிமணியும்.

மஞ்சள் தொடங்கியது.

"ஏய் துளசி, இந்தாளு தாடிக்குள்ள..."

"குருவி கூடு கட்டுனாக்கூட..."

"முட்டை பொரிஞ்சாத்தேன் தெரியும்!"

சபையில் எங்கோ ஒரு சிரிப்பு பொத்துக்கொண்டது. நிமலன் அனிச்சையாகத் தாடியைத் தடவினார். அதற்கப்புறம் கூரையே இடிந்த மாதிரி.

பிங்க் வந்தது. அது கல்லூரிகளில் 'நிமலன் ரோஜா' என்று பேர் வாங்கிய நிறம். குகை குகையாக அலைந்து அவர் கண்டெடுத்ததாக வரலாறு.

"பிங்க் தீந்துபோச்சு அமலி!"

"குழந்த ஜட்டிக்குக் கலக்குனது மிச்சம் கெடக்குது, ஊத்து!"

"அவரு கேட்டா?"

"தூங்குறாருடி, பனியன் மூட்டை மேல!"

பேராசிரியர் ஒருவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார். நிமலனின் தோள்கள் குலுங்கின. அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

பச்சையில் குரல்கள் களைத்திருந்தன.

"நெத்திலி ரெண்டு கிலோ வாங்கியிருக்கேன்..."

"யாருக்குடி அத்தனை?"

"நமக்குத்தேன். ஞாயித்துக்கெழம வாடி, கொழம்பு வெக்கிறேன்..."

"வர்றியா, இல்லையா, சொல்..."

கட்டை மேசை விளிம்பைத் தொட்டுவிட்டது போல. அடுத்த துண்டில், "சூப்பர்வைசர் வர்றான்டி!" அவ்வளவுதான். பதில் சொன்ன ஞாபகமே துளசிமணிக்கு இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அமலி போய்விட்டாள்.

சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. குறுக்கு வலி, பஸ் நெரிசல். நான்கு, ஐந்து, ஆறு. நிலானியின் விரல் ஏழுக்குப் போனது. துளசிமணி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"இருடா கண்ணு." மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "இதை நீங்க மையிட்ட கேக்கறதுக்கு முன்னாடி என்னிட்ட கேட்டுருங்க. சட்டத்தை முட்டுனவ நானு. பழியைத் தூக்கிட்டுப் போனவ அமலி. அவ போறப்ப வாயத் தொறக்காம நின்னேன். எவளையும் மாட்டிவிடாதவன்னு என்ர சங்கத்துப் புள்ளைக சொல்லும்போதெல்லாம் நான் பொய்யாத்தேன் நின்னுட்டிருந்தேன். இப்பப் போடு."

நிலானி தொட்டாள்.

சிரிப்பு. மிஷின் கழுவித் துடைத்த சிரிப்பு. அதன் நடுவில் அமலி, தெளிவாக, வேகமாக:

"இடுப்பை நகத்துடி துளசி, சட்டத்தைத் தள்ளப் போறேன். பாவம், ஒருக்காவாச்சும் சிரிக்கட்டும்!"

துளசிமணி டப்பாவைப் பார்த்தாள். ஏழாவது கமலவேணியைப் பார்த்தாள். நிலானி அடுத்ததைத் தானாகவே தொட்டுவிட்டாள். சிவப்பு எட்டு. இது துளசிமணியின் குரல். இருபத்தெட்டு வயது, தொண்டை நிறைய மகிழ்ச்சி:

"நெசமாவே சிரிக்கறாடி! இதையும் தள்ளு, இதையும்!"

சிவப்பு ஒன்பது: "போதும்டி. பன்னெண்டும் சிரிச்சா சூப்பர்வைசர் அழுவான்."

அப்படி ஒரு கூச்சலை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. யாரோ விசிலடித்தார்கள். நிமலன் எழுந்து நின்றார். "அன்னைக்கு அதைக் கிழிச்சுப் போடப் பார்த்தேன். வாங்க ஆள் வந்தப்புறம்தான் அதுக்குத் தவம்னு பேர் வெச்சேன்," என்றார். "அந்த அமலி எங்கேம்மா?"

துளசிமணிக்குக் காதில் விழவில்லை. அவள் முட்டவே இல்லை. அமலி பழியை ஏற்கவில்லை, உண்மையைச் சொல்லியிருக்கிறாள், ஒரு ஓவியக்காரி தன் படத்தைத் தன்னுடையது என்று சொல்வது போல. 'இதையும் தள்ளு' என்று கெஞ்சிய துளசிமணியோ எல்லாவற்றையும் மறந்துவிட்டு பயத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள். அந்த நாளில் தானும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"முட்டுனது பொய்யாப் போச்சு," என்றாள் மைக்கில், மெதுவாக. "வாயத் தொறக்காம நின்னது மட்டும் நெசம்."

பின்வரிசையிலிருந்து சூடாமணி கத்தினாள்: "அதை நாங்க ஊருக்குப் போய்ப் பேசிக்கறோம்க்கா! இப்பக் கறுப்பைப் போடச் சொல்லுங்க!"

விழா முடிந்து ஒரு வாரத்தில் படங்களின் கீழே இருந்த பெயர்ப்பலகை மாறியது. நிமலன் என்பதற்குப் பக்கத்தில் அமலோற்பவம், துளசிமணி. படங்களின் விலை இறங்கும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள்; செய்தி தமிழ்நாடு முழுக்கப் போய், பேசுகிற படத்துக்குக் கிராக்கி கூடியது. சங்கத்தில் இரண்டு பேர், "நீங்களே இப்படியாக்கா?" என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். "இப்படித்தேன்," என்றாள். அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்கச் சொல்லிப் படிவத்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பதினோராம் நாள் சங்க ஆபீஸுக்கு ஒரு கூரியர் வந்தது. உள்ளே கடிதம் இல்லை, ஒரு மஞ்சள் துணிப்பை. கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுப்பார்களே, அது. நடுவில் மணப்பெண் முகம் சிவப்பில் அச்சடித்திருந்தது. கீழே திண்டுக்கல்லில் ஏதோ சந்து, ஒரு போன் நம்பர். மணப்பெண்ணின் உதடு நழுவி, ஓரம் கன்னத்தில் ஏறியிருந்தது.

சங்கத்துக்கென்று நிலானி விட்டுப்போன டப்பா அலமாரியில் இருந்தது. துளசிமணி பையை அதற்குள் விரித்தாள். சூடாமணி பொத்தானை அழுத்தினாள்.

கொஞ்சம் கரகரப்பு ஏறிய குரல். மூன்றே செகண்டு.

"இருவத்தெட்டு வருசமா கொழம்பு ஆறுதுடி! வர்றியா, இல்லையா?"

"நம்பர் இருக்குதுல்ல, போனைப் போடுங்கக்கா!" என்றாள் சூடாமணி.

துளசிமணி ஏற்கெனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். "போன்ல எதுக்கு? அவ எதிர்ப்பக்கம் நின்னாத்தேன் எனக்குப் பேச்சு வரும்," என்று சொல்லி, பையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திண்டுக்கல் பஸ் நிற்கிற பக்கமாக வேகமாக நடந்தாள். பாதி வழியில் நின்று, திரும்பி வந்தாள்.

"சூடாமணி, நெத்திலி எந்தக் கடையில நல்லாருக்கும்? எனக்குத்தேன் வாசம் தெரியாதே. நீயும் வா, மோந்து பாத்துச் சொல்லு."